இல்லத்தின் எல்லையும் உள்ளத்தின் நோன்பும்



தென்காசி மாவட்டத்தில், செங்கோட்டையை அடுத்துப் புளியறை என்னும் சிற்றூர் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வயல்கள் சூழ அமைந்த அவ்வூரைக் கடந்துதான் திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை மலையேறிக் கேரளத்து ஆரியங்காவை அடைகிறது. தமிழகத்தின் எல்லைச் சோதனைச் சாவடியும் அங்கேயே உள்ளது. நம் சமூகத்தார் பெரும்பாலும் வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் முதலிய வடபகுதிகளைச் சார்ந்தவர்கள் ஆதலின் இவ்வூர்ப் பெயர் பலருக்குப் புதிதாக இருக்கலாம். ஆயினும் 2020 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நிகழ்ந்த ஒன்றை நம் அறநூல்கள் கூறும் விரதங்களோடு ஒப்பிட்டு உணர்வதற்கு அவ்வூர் மிகவும் ஏற்றதோர் இடமாகும். ஆதலின் அங்கிருந்தே தொடங்குவோம்.

1956 நவம்பர் 1 ஆம் நாள் வரை செங்கோட்டைப் பகுதி மலைக்கு அப்பாலுள்ள திருவிதாங்கூரைச் சார்ந்திருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் அது தமிழகத்தோடு இணைந்தது. எனவே மலைக்கு இப்பாலும் அப்பாலும் உறவும் வாணிகமும் நெடுநாளாக உண்டு. 2020 மார்ச்சுத் திங்களில் கொரோனாப் பெருந்தொற்றின் பொருட்டு அவ்வெல்லை அடைக்கப்பட்டது. இன்றியமையாப் பண்டங்களை ஏற்றிய லாரிகள் சோதனைக்குப் பின் கடந்தன. மக்கள் கடக்க இயலவில்லை. மார்ச்சு 24 மாலை 6 மணி முதல் தமிழகத்தில் 144 தடையாணையும், மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கும் நடைமுறைக்கு வந்தன. 21 நாட்களுக்கென்று அறிவிக்கப்பட்ட ஊரடங்கு மும்முறை நீட்டிக்கப்பட்டு, மே 31 வரை 68 நாட்கள் நீடித்தது. 2021 மே 10 முதல் தமிழகத்தில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. அவ்விரண்டு ஆண்டுகளிலும் சாரல் பருவத்தில் குற்றாலத்து அருவிகள் வழக்கம்போல் வீழ்ந்தன. நீராடுவதற்கு மக்கள் அனுமதிக்கப்படவில்லை.

அந்நாட்களில் கோடிக்கணக்கான மக்கள் இல்லத்துள் அடங்கியிருந்தனர். கடைவீதிக்குச் செல்லவில்லை, கேளிக்கைகளுக்குச் செல்லவில்லை, பயணம் செய்யவில்லை. வெளித்தோற்றத்தில் நாடே ஒரு நோன்பு காத்ததுபோல் இருந்தது. ஆனால் அது நோன்பாகுமா? இதுவே நாம் இன்று சிந்திக்க எடுத்துக்கொண்ட வினா. பெருந்தொற்று நீங்கிய பின்னர் இவ்வினா எதற்கு என்று கருத வேண்டா. நோயாலும் முதுமையாலும் தனிமையாலும் இல்லத்துள் அடங்கியிருப்போர் நம் ஊர்கள்தோறும் இன்றும் உள்ளனர். நாமும் ஒருநாள் அந்நிலையை அடையக் கூடியவர்களே.

சிறைப்பட்டவனும் விரதியும்

கருமங்கள் ஆன்மாவினின்றும் உதிர்தலை நிர்ஜரை, அதாவது உதிர்ப்பு, என்கிறோம். அதனுள் அகாம நிர்ஜரை என்று ஒருவகை உண்டு. விருப்பமின்றி, வேறு வழியின்றித் துன்பத்தைப் பொறுத்துக் கிடப்பதனால் உண்டாகும் உதிர்ப்பு அது. தத்துவார்த்த சூத்திரத்துக்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரை வகுத்த பூஜ்யபாத ஆசாரியர், இதனை விளக்கச் சிறையில் கட்டுண்டு கிடப்பவனையே உதாரணமாகக் காட்டுகிறார். அவனும் பசி பொறுக்கிறான், நீர் வேட்கை பொறுக்கிறான், பிரமசரியம் காக்கிறான், வெறுந்தரையில் உறங்குகிறான். செயல்களை மட்டும் நோக்கினால் அவனுக்கும் தவசிக்கும் வேற்றுமை சிறிதே. ஆயினும் அவன் தவசி ஆகான். தவசி தானே ஏற்றுக்கொண்டதனை இவன் பிறர் வலியால் சுமக்கிறான்.

இவ்வுதாரணத்தில் நாம் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அகாம நிர்ஜரையை ஆசாரியர் பயனற்றதென்று தள்ளிவிடவில்லை. அதற்கும் நற்பயன் உண்டென்றே நூல் கூறுகிறது. வேறு வழியின்றி ஒரு துன்பத்தைப் பொறுத்தவனையும் நம் அறம் இகழ்வதில்லை. ஆனால் அதே துன்பத்தை உள்ளத்தின் இசைவோடு ஏற்பின் அது பன்மடங்கு உயர்கிறது. சுவர் ஒன்றே, பூட்டிய கதவு ஒன்றே. உள்ளம் மறுத்தால் அது சிறை. உள்ளம் இசைந்தால் அது நோன்பு. கதவை அடைத்தவர் யாராயினும் ஆகுக. அடைபட்ட பின் இசைவதோ மறுப்பதோ நம் கையில்தான் உள்ளது.

எல்லை வகுக்கும் விரதங்கள்

இல்லறத்தாருக்குரிய பன்னிரண்டு விரதங்களில் இரண்டு, இடத்தின் எல்லையைப் பற்றியவை. சமந்தபத்திர ஆசாரியர் இயற்றிய இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதன்வழித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இவற்றைத் தெளிவாகக் கூறுகின்றன.

முதலாவது திசைவிரதம். இன்ன திசையில் இன்ன எல்லைக்கு அப்பால் வாழ்நாள் முழுவதும் செல்லேன் என்று உறுதி பூணுதல். கடல், ஆறு, காடு, மலை, நாடு போன்ற யாவரும் அறிந்த அடையாளங்களை எல்லையாகக் கொள்ள வேண்டும் என்பது விதி. புளியறையை நினைவில் கொள்க. அங்கே மலையும் உண்டு, காடும் உண்டு, நாட்டின் எல்லையும் உண்டு. திசைவிரதம் பூண்ட பழங்காலத்துச் சிராவகன் ஒருவன், மேற்கே இம்மலை எனக்கு எல்லை என்று சொல்லத்தக்க இடம் அது.

இரண்டாவது தேசாவகாசிகம். திசைவிரதத்தில் வகுத்த பேரெல்லையை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மேலும் சுருக்கிக்கொள்ளுதல். வீடு, ஊர், வயல், ஆறு என்று இடத்தையும். ஆண்டு, அயனம், பருவம், நான்கு திங்கள், ஒரு திங்கள், பக்கம் என்று காலத்தையும் வரையறுத்துக்கொள்ளலாம் என்று நூல் விரிக்கிறது. இந்தப் பதினைந்து நாட்கள் என் இல்லத்தின் எல்லையைத் தாண்டேன் என்று ஒருவர் உறுதி கொள்வாராயின் அதுவே தேசாவகாசிகம். ஊரடங்குக் காலத்தில் அரசு ஆணையிட்டதும், பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆசாரியர் விரதமாக வகுத்ததும் வடிவில் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதைக் காண்மின்!

இவ்விரதத்தின் பயனாக ஆசாரியர் கூறுவது மிக ஆழ்ந்த கருத்து. எல்லைக்கு உள்ளே இல்லறத்தான் உண்கிறான், உழைக்கிறான், சிறு குற்றங்கள் செய்யவும் கூடும். ஆனால் எல்லைக்கு வெளியே உள்ள உயிர்களுக்கு அவனால் பெருந்தீங்கும் இல்லை; நுண்ணிய தீங்கும் இல்லை. ஆகவே அவ்வெளியைப் பொறுத்தவரை அவன் மகாவிரதம் பூண்ட முனிவருக்கு ஒப்பாகிறான். மனைவி மக்களோடு வாழும் ஓர் எளிய மனிதன் தன் வாயிற்படிக்கு அப்பாலுள்ள உலகுக்கு ஒரு முனிவனாக விளங்க முடியும் என்பதைக் காட்டிலும் ஊக்கமளிக்கும் சொல் இல்லறத்தாருக்கு வேறு என்ன வேண்டும்?

மழைக்காலத் தங்கலும் கொல்லாமையும்

முனிவர்கள் ஆண்டின் எட்டுத் திங்களும் ஓரிடத்தில் நிலைத்துத் தங்காமல் நடப்பவர்கள். ஆயினும் ஆஷாடம் முதல் கார்த்திகை வரையுள்ள மழைக்காலத்தில் ஓரிடத்தே தங்கிவிடுவர். இதனைச் சாதுர்மாஸ்யம் என்கிறோம். நடையே வாழ்வாகக் கொண்டவர்கள் நடையை நிறுத்துவதன் காரணம் என்ன? மழை பெய்தால் மண்ணெங்கும் புல் முளைக்கிறது. புழுவும் பூச்சியும் எண்ணிறந்து பெருகுகின்றன. எத்துணை விழிப்போடு அடி வைத்தாலும் உயிர்க்கொலை நேரும். வழக்கமான காலத்தில் குற்றமற்றதாய் இருந்த நடை, அக்காலத்தில் கொலையாகி விடுகிறது. ஆகவே நிற்கிறார்கள்.

தென்மேற்குப் பருவமழை மலையைத் தழுவிப் புளியறை, குற்றாலம் பகுதிகளில் சாரலாகப் பொழியும் திங்கள்களில்தான் சாதுர்மாஸ்யமும் தொடங்குகிறது. தென்பாண்டி நாடு அந்நோன்பை நன்கு அறிந்த நாடு. தென்காசிக்கு வடகிழக்கே உள்ள கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும், அறம் உரைத்த குரத்தியர் பெயர்கள் பொறித்த கல்வெட்டுகளும் இன்றும் உள்ளன. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலும் பிற இடங்களிலும் முனிவர்கள் தங்கிய கற்படுக்கைகளைக் காண்கிறோம். புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையில் 17 கற்படுக்கைகள் உள்ளன. ஓர் உடல் கிடக்கும் அளவே இடம், தலைப்பக்கம் சிறு மேடு, மேலே பாறை. நம் இல்லங்களில் மிகச் சிறியதும் அதனினும் பெரிதன்றோ? அவ்விடத்தில் தங்கியவர்களை எவரும் அடைக்கவில்லை. அவர்களாகவே அடங்கினார்கள்.

2020 ஆம் ஆண்டில் நிகழ்ந்ததும் அத்தன்மையதே. நோய்க்குறி ஏதுமின்றி நலமாகத் தோன்றிய ஒருவர் வழியாகவும் கொரோனா பரவியது. கடைக்குச் செல்லுதல், நண்பரைக் காணுதல், கைகுலுக்குதல் ஆகிய பழுதற்ற செயல்களே எங்கோ ஒரு முதியவரின் உயிருக்கு ஊறாகக்கூடிய காலமாக அது இருந்தது. மழைக்காலத்துப் புல்வெளியில் அடி வைக்கும் முனிவரைப் போல, தம்மால் அழியும் உயிரைத் தாம் காண இயலாத நிலையில் நாம் இருந்தோம். காண இயலாதாயினும் காக்க இயலும் என்பதே கொல்லாமையின் நுட்பம். ஆகவே இல்லத்துள் அடங்கியதனைத் தன்னுயிர்க்கு அஞ்சி ஒளிந்ததாக மட்டும் கருதாமல், பிறவுயிர் ஓம்பியதாகக் கருதினால், அந்நாட்கள் நம் நினைவில் வேறு உருவம் கொள்ளும்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். நம் முன்னோர் கிருமிகளை அறிந்தே இவ்விதிகளை வகுத்தனர் என்றும், துறவியர் சிலர் அணியும் வாய்த்துணி நோய்த்தடுப்புக்காகவே ஏற்பட்டதென்றும் அந்நாட்களில் பலர் பெருமை பேசினர். அது பொருந்தாது. அவ்விதிகள் சிற்றுயிர்களிடத்துக் கொண்ட அருளால் எழுந்தவை. நோயைத் தடுக்கத் தனித்திருத்தல் என்பது வேறு வழியில் வளர்ந்தது. இன்றைய துப்ரோவ்னிக் ஆகிய இரகூசா நகரம் 1377 இல் நோய் பரவிய இடங்களிலிருந்து வந்தோரை 30 நாட்கள் தனித்திருக்கச் செய்தது. பின்னர் அது 40 நாட்களாயிற்று. குவாரண்டைன் என்னும் சொல்லே நாற்பது என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. நம் அறத்துக்கு இல்லாத பெருமையைச் சூட்டுதலும் பொய்யே ஆகும். உள்ள பெருமையே நமக்குப் போதும்.

உள்ளத்தைக் கவ்வும் நான்கு துயர்கள்

உடல் அடங்கிவிட்டால் உள்ளம் அடங்கிவிடுமோ? இல்லை. உடல் அலையாதபோது உள்ளம் இருமடங்கு அலைகிறது. இவ்வலைச்சலை நம் நூல்கள் ஆர்த்த தியானம் என்று பெயரிட்டு நான்காகப் பகுக்கின்றன. விரும்பியதைப் பிரிந்து வருந்துதல், விரும்பாததோடு சேர்ந்து வருந்துதல், நோயின் வேதனையையே எண்ணி வருந்துதல், வருங்கால இன்பங்களை எண்ணி ஏங்குதல் என்பன அவை. ஊரடங்கில் இருந்தவர் ஒவ்வொருவரும் இந்நான்கனுள் ஒன்றையேனும் நுகர்ந்திருப்பர். மகன் வெளிநாட்டில், தாய் ஊரில். அது முதலாவது. ஒத்துப்போகாத இருவர் ஒரே கூரையின் கீழ் நாள் முழுவதும் முகம் பார்த்திருந்தனர். அது இரண்டாவது. தொண்டை கரகரத்தால் உறக்கமின்றி அஞ்சியது மூன்றாவது. எப்போது கதவு திறக்கும், எங்கெங்குச் செல்லலாம் என்று நாளெண்ணியது நான்காவது.

துயருக்குப் பெயர் தெரிந்தாலே அதன் வலிமை பாதி குறையும். எல்லாம் பாழாயிற்று என்று மயங்குபவன், இது பிரிவினால் வந்த ஆர்த்தம் என்று அறிந்த கணத்தில் அதனினின்றும் சிறிது விலகி நிற்கிறான். அறிபவன் வேறு, அறியப்படும் துயர் வேறு என்னும் அன்னியத்துவ பாவனை அங்கே தொடங்குகிறது. நல்லெண்ணம் என்பது துன்பமே இல்லையென்று நடித்தல் அன்று. நிலையாமையைப் பன்னிரு அநுப்ரேக்ஷைகளில் முதலாவதாக வைத்த சமயம் அவ்வாறு நடிக்கச் சொல்லாது. உள்ளதை உள்ளவாறு கண்டு, அதன் நடுவிலும் செய்யத்தக்கது எது என்று தேர்வதே நம் நெறி கூறும் நல்லெண்ணம்.

மற்றொன்று, நாமே தேடிக் கொணரும் துயர். அநர்த்த தண்டம், அதாவது பயனில்லாக் குற்றம், ஐந்து வகைப்படும் என்பர். அவற்றுள் அபத்தியானம் என்பது தீயன நினைத்தல். துச்சுருதி என்பது உள்ளத்தைக் கலக்கும் தீயன கேட்டல். பிரமாதசரியை என்பது பயனின்றி அகழ்தல், நீரிறைத்தல், பசுமரம் வெட்டுதல் முதலியவற்றோடு, பயனின்றித் திரிதலும் பிறரைத் திரியச் செய்தலும் ஆகும். அந்நாட்களில் கைப்பேசி வழியாக இரவும் பகலும் வந்த வதந்திகளை நினைத்துப் பார்ப்போம். சில சமூகத்தாரைப் பழித்தவை எத்தனை! பொய் மருந்துகளைப் புகழ்ந்தவை எத்தனை! வாயிற்கதவை அடைத்துவிட்டுச் செவிக்கதவைத் திறந்து வைத்தோருக்கு அமைதி எங்ஙனம் வரும்? ஒரு நாளில் ஒருமுறை நம்பத்தக்க செய்தியை அறிந்து அமைதல் போதும். எஞ்சியதெல்லாம் ஊற்று, கருமம் உள்ளே பாயும் வாயில். அதனை அடைப்பதே செறிப்பு.

நாளை வகுத்துக்கொள்ளுதல்

தேசாவகாசிகத்தோடு சிக்ஷாவிரதங்களாகச் சாமாயிகம், புரோஷதோபவாசம், வையாவிருத்தியம் ஆகியவற்றை ஆசாரியர் சேர்த்து வைத்துள்ளார். இடம் சுருங்கிய ஒருவன் அவ்விடத்துள் என்ன செய்வது என்பதற்கு இவை விடையாக அமைகின்றன.

சாமாயிகத்துக்கு ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம் அளவு. காலையிலும் மாலையிலும் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் அமர்ந்து, இன்பத்திலும் துன்பத்திலும் ஒப்ப நின்று, எவ்வுயிர்க்கும் தீங்கெண்ணாது இருத்தல். தொடக்கத்தில் அவ்வளவும் இயலாவிடின் இயன்றவரை அமர்க. நாள் முழுவதும் ஒரே நிறமாகத் தோன்றும் வீட்டுவாழ்வில், இவ்விரண்டு வேளைகளும் நாளுக்குக் கரையாக நிற்கும். கரையில்லாத நீர் தேங்கி நாறும். கரை உண்டாயின் ஓடும்.

ஆலயங்கள் அடைபட்டதனால் வருந்தியோர் நம்முள் பலர். 2020 இல் மகாவீர ஜெயந்தி ஏப்ரல் 6 ஆம் நாள் வந்தது, நாடே அடங்கியிருந்தது. 2021 இல் அது ஏப்ரல் 25 ஆம் நாள். தமிழகத்தில் ஞாயிறு முழு ஊரடங்கு நாளாயிருந்தது. இரண்டு ஆண்டுகள் தேரும் ஊர்வலமும் இன்றிப் பகவானின் பிறந்தநாள் சென்றது. ஜிநதரிசனம் செய்யாமல் உண்பதில்லை என்னும் நியமம் பூண்ட மூத்தோர் உள்ளம் கலங்கினர். அவர்கட்கு நாம் கூறுவது, திரவிய பூஜைக்குப் பொருளும் ஆலயமும் வேண்டும். பாவ பூஜைக்கு உள்ளம் ஒன்றே வேண்டும். இல்லத்தின் ஒரு மூலையைத் தூய்மை செய்து, கண்மூடி, தாம் நாள்தோறும் கண்ட ஊர் ஆலயத்தின் வாயிலினின்று கருவறை வரை உள்ளத்தால் நடந்து சென்று வணங்குக. இதுகாறும் எத்தனை முறை உடலால் ஆலயத்துள் நின்று உள்ளத்தால் கடைவீதியில் நின்றோம்! அதற்கு இது நேர்மாறான நிலை.

உணவிலும் ஒன்று சொல்ல வேண்டும். போகோபபோக பரிமாணம் என்பது நுகர்பொருளுக்கு அளவு வகுத்தல். வீட்டில் அனைவரும் இருக்கிறார்கள் என்று நாளொரு பலகாரமும் வேளைக்கொரு குழம்பும் கேட்ட இல்லங்கள் பல. ஆடவர்க்கு அடங்கியிருத்தல் புதிய துன்பம். பெண்டிர்க்கோ அது பழைய துன்பத்தின் மிகுதி. அடுப்படியில் ஒருவரை நாள் முழுவதும் நிறுத்திவிட்டு, கூடத்தில் அமர்ந்து அநுப்ரேக்ஷை படிப்பது அறமாகாது. உண்கலத்தைத் தாமே கழுவுதலும், இத்தனை வகை போதும் என்று அளவு கொள்ளுதலும், சூரியன் மறையுமுன் அனைவரும் ஒன்றாக உண்டு அடுப்பை அவித்தலும் விரதமே.

எல்லைக்குள் இருந்தே எல்லை கடப்போர்

இப்போது நாம் மிக முக்கியமான இடத்துக்கு வந்துள்ளோம். தேசாவகாசிகத்துக்கு ஐந்து அதிசாரங்கள், அதாவது வழுக்கள், கூறப்பட்டுள்ளன. தான் எல்லைக்குள் இருந்துகொண்டு பிறரை வெளியே ஏவுதல். வெளியே உள்ளாரைக் குரல்கொடுத்து அழைத்தல். வெளியினின்று பொருளை வருவித்தல். தன் உருவைக் காட்டிக் குறிப்பு உணர்த்துதல். கல் முதலியவற்றை எறிந்து கவனம் ஈர்த்தல். தான் கோட்டைத் தாண்டாததனாலேயே விரதம் நிறைந்தது என்று எண்ணுபவனுடைய தந்திரங்கள் இவை. ஆசாரியர் இவற்றை விரதத்தின் கறைகளாக எண்ணுகிறார்.

நம் ஊரடங்கு நாட்களை இக்கண்ணாடியில் பார்க்கும்போது உள்ளம் சுருங்குகிறது. நாம் உள்ளே இருந்தோம். நமக்காகப் பலர் வெளியே நடந்தனர். பால் கொணர்ந்தவர், குப்பை அள்ளியவர், செவிலியர், காவலர், புளியறைச் சாவடியில் இரவில் காத்து நின்று மலையேறிய லாரி ஓட்டுநர் ஆகிய இவர்கள் நடந்ததனால்தான் நம் நோன்பு நடந்தது. இன்றியமையாததை வருவித்தல் குற்றமன்று. மருந்தும் அரிசியும் வேண்டும். ஆனால் ஒரு வேளை நாச்சுவைக்காக ஓர் ஏழை இளைஞனைத் தொற்றின் நடுவே ஓடச்செய்து, நான் வெளியே செல்லவில்லை என்று மனநிறைவு கொள்ளுதல், ஆசாரியர் சொன்ன அந்த வழுவேயன்றி வேறென்ன?

மேலும், அடங்கியிருத்தல் எல்லார்க்கும் ஒன்றாக அமையவில்லை. தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் பலர். குற்றாலத்தில் சாரல் பருவத்து வரவை நம்பி ஆண்டு முழுவதும் வாழும் சிறுகடைக்காரர் பலர். அவர்களுக்கு அருவி அடைபட்டது என்றால் அடுப்பு அடைபட்டது என்று பொருள். பசித்திருப்பவனிடம் சென்று, இதனை நோன்பாக ஏற்றுக்கொள் என்று கூறும் உரிமை நமக்கு இல்லை. அவனிடம் கொண்டு செல்ல வேண்டியது அறவுரை அன்று, அரிசி. ஆகவேதான் எல்லையைச் சுருக்கும் விரதத்தில் தொடங்கிய சிக்ஷாவிரதங்களின் வரிசை வையாவிருத்தியத்தில் முடிகிறது. உணவு, மருந்து, வேண்டும் கருவிகள், உறைவிடம் என நால்வகையாக அதற்குரிய ஈகை கூறப்படுகிறது. நூல் அதனை நற்குணத்தாருக்குச் செய்யும் தொண்டாக உரைக்கும். துன்புற்ற எவ்வுயிர்க்கும் கருணையால் ஈவதும் நம் மரபே. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி நிற்பதே அவற்றின் இயல்பு என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுவதும் இதனையே.

இழந்தவர்களுக்கு ஒரு சொல்

அந்நாட்களில் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் இழந்து, இறுதியாக முகம் காணவும் இயலாமற்போனவர்கள் உண்டு. இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடலாகாது என்பது அன்றைய விதி. எல்லைக்கு அப்பால் இருந்தவர்கள் கைப்பேசித் திரையில் பார்த்துக் கதறினர். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோமே என்னும் நெருடல் சிலர் உள்ளத்தில் இன்றும் உறுத்துகிறது.

அவர்கட்கு நம் ஆகமம் ஒரு பெரிய ஆறுதலை வைத்துள்ளது. உடலை நீங்கிய உயிர், தான் செய்த வினைக்கேற்ப மிகச் சில சமயங்களுக்குள் அடுத்த பிறவியை அடைகிறது. சமயம் என்பது காலத்தின் மிக நுண்ணிய அளவு. கண்ணிமைப்பதனுள் எண்ணிறந்த சமயங்கள் கழியும். அவ்வுயிர் நம் வரவுக்காகக் காத்திருக்கவில்லை. நாம் வாராமையால் அதன் செலவு தடைப்படவும் இல்லை. ஆதலின் அவர்க்குக் குறை செய்தோம் என்று வருந்த வேண்டா. நீர் செல்லாமல் இருந்தது, வழியில் உள்ள பல உயிர்களைக் காத்தது. பிரிவின் வலி இருக்கும். அது அன்பின் அளவு. ஆனால் அதனோடு குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமக்க நம் சமயம் சொல்லவில்லை.

இன்று செய்யத்தக்கவை

2023 மே 5 ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவின் பன்னாட்டு அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. புளியறைச் சாலையில் பேருந்துகள் பழையபடி மலையேறுகின்றன. குற்றாலச் சாரலில் மக்கள் நீராடுகின்றனர். ஆனால் நம் ஊர்களில் ஊரடங்கு முடியாத இல்லங்கள் உள்ளன. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாடுகளிலும் பணிபுரிய, முதியோர் தனியே வாழும் இல்லங்கள் அவை. முழங்கால் நோயால் படியிறங்க இயலாதவர்களும், படுக்கையில் கிடப்பவர்களும், அவர்களை விட்டு நகர இயலாமல் உடனிருப்பவர்களும் அவற்றுள் உள்ளனர். அவர்களை எந்த அரசாணையும் அடைக்கவில்லை. எந்த அரசாணையும் விடுவிக்கப் போவதும் இல்லை.

அவ்வாறு அடங்கியிருக்கும் பெரியோரே! உங்கட்கு நாம் கூறுவது இது. தங்கள் அறையை எல்லையாக வைத்து, இன்று மாலை முதல் நாளைக் காலை வரை தேசாவகாசிகம் பூண்டேன் என்று உள்ளத்தால் கூறுக. எப்படியும் வெளியே செல்லப் போவதில்லையே, அதற்கு விரதம் எதற்கு என்று கேட்க வேண்டா. சிறைப்பட்டவனையும் விரதியையும் பிரிப்பது அவ்வொரு சொல்லே. அக்கணம் முதல் தாங்கள் கைவிடப்பட்டவர் அல்லர், நோன்பு காப்பவர்.

வெளியே நடமாடும் வலிமையுடைய இளையோரே! உங்கட்கும் ஒன்று. ஆண்டில் சில நாட்களேனும், அஷ்டமி சதுர்த்தசி நாட்களிலேனும், விரும்பி எல்லை வகுத்துக்கொண்டு இல்லத்தில் அடங்கிப் பழகுக. கட்டாயம் வரும்போது கற்க முயல்வது கடினம்; வெள்ளம் வந்தபின் நீந்தக் கற்பது போன்றது. மற்ற நாட்களில், அடங்கியிருப்போர் இல்லத்தின் கதவைத் தட்டுக. பாயில் அமர்ந்து அரைமணி நேரம் பேசுக. கண் மங்கியவர்க்கு அறநூல் படித்துக் காட்டுக. மருந்து தீர்ந்ததா என்று வினவுக. அவர்கள் நோன்பு காக்கட்டும். நாம் அவர்களைக் காப்போம்.

எல்லை எங்கே வகுக்கப்பட்டாலும் அதனுள் அறம் செய்ய இடம் உண்டு என்பதை உணர்ந்து, எவ்வுயிர்க்கும் அச்சம் தாராது வாழ்வோமாக.

கொல்லாமை ஓங்குக! ஜிநதர்மம் வாழ்க!